தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்பும் கலங்களை வடிவமைத்துக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கும், அந்தப் பயணங்களைத் திட்டமிடும் விண்வெளி அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். விண்வெளித் துறையோடு எனக்குத் தொழில் தொடர்பு எதுவும் கிடையாது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பதும் நடக்க வைப்பதும்தான் இருபது வருடமாக என் வேலை. அந்த வேலைதான் இந்த மடலை எழுத வைக்கிறது.

ஆறு வாரம் படுத்தே இருந்த ஒருவரை முதல் தடவை எழுப்புவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைப்போம். கொஞ்ச நேரம் கழித்து இரத்த அழுத்தம் பார்ப்போம். அப்புறம் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்வோம். அந்தச் சமயத்தில் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. உதடு வெளுத்தாலோ, மேலுதட்டில் வியர்வை பொடித்தாலோ உடனே படுக்க வைத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் நிற்பது. அப்போதும் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

ஒரு இளைஞரை மறக்கவே முடியாது. முப்பது வயதுகூட ஆகவில்லை. விபத்துக்கு முந்தின நாள்வரை தினமும் பத்து கிலோமீட்டர் ஓடியவர். நான் நிறுத்தி வைத்த மூன்றாவது நொடியில் முழங்கால் இரண்டும் மடங்கிவிட்டன. நாங்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம். குனிந்து தன் கெண்டைச்சதையைத் தடவிப் பார்த்தவர், "என் கால் எங்க போச்சு?" என்று கேட்டார். நிஜமாகவே அங்கே பாதிக் கால்தான் இருந்தது.

விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரும். கஜகஸ்தான் புல்வெளியில் ரஷ்யாவின் சோயுஸ் கலம் இறங்கியிருக்கும். உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி, சாய்வு நாற்காலியில் வைத்து, போர்வை போர்த்துவார்கள். ஒரு மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் அந்தச் சிரித்த முகங்களைப் பார்ப்பார்கள். என் கண்ணோ தூக்குகிற கைகள் மேலேயே போகும்.

செவ்வாயில் அந்தக் கைகள் இருக்காது. நான் சொல்ல வந்தது இதுதான். ஆறிலிருந்து ஒன்பது மாதம் எடையில்லாமல் மிதந்துவிட்டு, தரையிறங்கும்போது பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கிவிட்டு, தானே பெல்ட்டைக் கழற்றி, தானே எழுந்து, கனத்த உடையை மாட்டிக்கொண்டு, தானே கதவைத் திறந்து இறங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அதே நிலைமையில்தான் இருப்பார். ஏதாவது கேட்க வேண்டும் என்றால், பூமிக்குச் செய்தி போய்ச் சேரவே சில சமயம் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம்தானே, அதனால் சுலபமாக இருக்கும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுபது கிலோ ஆள் அங்கே இருபத்தேழு கிலோ போல இருப்பார், அது உண்மைதான். ஆனால் நிலவில் நடந்தவர்கள் அணிந்த உடையும் முதுகில் சுமந்த உயிர்காப்புப் பையும் சேர்ந்து பூமியில் 80 கிலோவுக்கு மேல். அப்படி ஒன்றை மாட்டினால் செவ்வாயிலும் கூடுதலாக முப்பது கிலோ. தடுமாறி விழுந்தால் அந்த எடையோடு இடுப்பு எலும்பு தரையில் மோதும். அந்த எலும்பு கிளம்பும்போது இருந்த எலும்பாக இருக்காது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எலும்பை ஒரு தூணாக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஓயாமல் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் வீடு. எங்கே சுமை விழுகிறதோ அங்கே கட்டும் வேலை நடக்கும். சுமை இல்லாத இடத்தில் இடிக்கும் வேலை மட்டும் தொடரும். எடையின்மையில், சரியான பயிற்சி இல்லாதபோது, இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்வரை குறைந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு வருடத்தில் ஏறக்குறைய அவ்வளவு குறையும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவர்களின் ஒரு வருடம், இங்கே ஒரு மாதம்.

கரைந்த கால்சியம் எங்கே போகிறது? இரத்தத்துக்கு, அங்கிருந்து சிறுநீருக்கு. அதனால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து கூடுகிறது. இது மருத்துவர்களின் கவலை. உங்களுக்கு நெருக்கமான இன்னொன்று உண்டு. 2009இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டு நின்றுபோனது. உள்ளே கால்சியம் சல்பேட் படிந்திருந்தது. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அங்கே இருந்தவர்களின் சிறுநீரில் கால்சியம் அதிகம். எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பு குழாயை அடைத்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உடலும் கலமும் அங்கே ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்கள்தான். ஒன்றில் குறை வைத்தால் இன்னொன்றில் போய் நிற்கும்.

தசை இன்னும் வேகமாகப் போகும். அதிலும் நம்மை நிற்க வைக்கும் தசைகள்தான் முதலில் போகும்: கெண்டைச்சதை, தொடை, முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள். கூடவே உடலின் திரவம் மேல்நோக்கி நகர்ந்து முகம் உப்பும், கால் மெலியும். திரவம் அதிகமாகிவிட்டது என்று உடல் ஏமாந்து இரத்தத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளும். மறுபடி ஈர்ப்புக்குள் வந்து நிமிர்ந்ததும் தலைக்கு ஏற இரத்தம் போதாது. என் நோயாளியின் உதடு வெளுப்பதும் அதனால்தான். உள்ளங்காலில் தடித்த தோல்கூட உரிந்து குழந்தையின் பாதம்போல ஆகிவிடும், கால் மாட்டி நிற்கும் கம்பி உரசி உரசிப் பாதத்தின் மேற்புறத்தில் காய்ப்பு ஏறும் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் போன காலம் ஒன்று இருந்தது. 1970 ஜூனில் சோயுஸ் 9 கலத்தில் சோவியத் வீரர்கள் நிக்கோலயேவும் செவஸ்தியானவும் கிட்டத்தட்ட 18 நாள் இருந்துவிட்டு வந்தார்கள். பதினெட்டே நாள். இறங்கியதும் அவர்களால் ஒழுங்காக நிற்க முடியவில்லை. தேறிவரப் பல நாள் ஆனது. அதே காலத்தில் பூமியிலும் ஒரு ஆய்வு நடந்தது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல்திறனை அதிகமாகக் கெடுத்திருந்தது. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

அந்த நிலையிலிருந்து இன்று வெகுதூரம் வந்திருக்கிறோம். உங்களைக் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. செய்திருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது. 2008இல் விண்வெளி நிலையத்துக்குப் போன பளுப்பயிற்சிக் கருவி அருமையான வேலை. எடையே இல்லாத இடத்தில் இரும்புத் தட்டை மாட்டிப் பயனில்லை. அதனால் வெற்றிட உருளைகளுக்குள் பிஸ்டனை இழுக்க வைத்து, சுமார் 270 கிலோவரை சுமை கொடுக்கிறார்கள். அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். பூமியில் உட்கார்ந்து எழும்போது தோளில் உள்ள பாரத்தோடு சொந்த உடம்பையும் சேர்த்துத் தூக்குகிறோம். அங்கே சொந்த உடம்புக்கு எடை இல்லை, அதையும் கருவிதான் ஈடுகட்ட வேண்டும். அந்தக் கருவியை முறையாகப் பயன்படுத்தி, வயிறு நிறையச் சாப்பிட்டு, வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொண்டவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு திரும்பினார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு நாங்கள் கொடுக்கும் வாராந்தர மாத்திரையையும் சேர்த்துக்கொண்டபோது பலன் இன்னும் நன்றாகவே இருந்தது.

பயிற்சியின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு வலேரி பொல்யகோவ் என்ற ஒரு மனிதர் போதும். அவர் ஒரு மருத்துவர். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்துவிட்டு 1995 மார்ச்சில் இறங்கினார். அவரைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் தயாராக நின்றார்கள். அவர் கலத்திலிருந்து பக்கத்தில் இருந்த நாற்காலிவரை தானே நடந்தார். செவ்வாய்க்குப் போய் இறங்குகிற மனிதனால் வேலை செய்ய முடியும் என்று காட்டுவதற்காகத்தான் அத்தனை நாள் இருந்தார். சில அடிகள்தான். ஆனாலும் என் வேலையில் அந்தச் சில அடிகளுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் எனக்கு என்ன கவலை?

இடம்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். முதல் வரைபடத்தில் எங்கள் பயிற்சிக்கூடம் விசாலமாக, இரண்டு சன்னலோடு இருந்தது. ஸ்கேன் இயந்திரத்துக்கு இடம் போதவில்லை என்று கொஞ்சம் எடுத்தார்கள். அப்புறம் மருந்துக் கிடங்குக்குக் கொஞ்சம். கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு நீளமான அறை கிடைத்தது. பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பியைப் போட்டதும் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள், வந்தவர்களிலும் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் அறைதான் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" பட்டியலில் இருந்தது.

உங்கள் வரைபடத்திலும் இது நடந்துவிடக் கூடாது. நிலையத்தில் இருக்கும் பளுக்கருவி ஒரு சின்ன அறையையே அடைத்துக்கொள்ளும். டிரெட்மில்லுக்கும் மிதிவண்டிக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒருவர் ஓடும் அதிர்வு கலத்தின் சட்டத்துக்குப் போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வுதாங்கி அமைப்பு வேண்டும். ஓடுகிறவர் வெப்பத்தை விடுகிறார், கரியமில வாயுவை விடுகிறார், வியர்க்கிறார். அந்த வியர்வை கீழே சொட்டாது. தோலிலேயே கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும், துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு அதுவும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குடிநீராகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் ஆறு நாள், நான்கு பேர் என்றால் உயிர்காப்பு அமைப்பு மொத்தமும் அந்தக் கணக்கில் கட்டப்பட வேண்டும். கலத்தை முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு மூலையில் கருவியைச் செருகினால் நடக்காது.

நாசாவின் நிலவுப் பயணக் கலமான ஓரியனுக்காக உருவாக்கிய சுழல்சக்கரக் கருவியைப் பற்றிப் படித்தேன். சுமார் 14 கிலோ எடையில் காலணிப்பெட்டி போல இருக்கிறது, கயிற்றை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு கொடுக்கிறது, 180 கிலோவரை சுமை தருகிறது. பத்து நாள், இருபது நாள் பயணத்துக்கு நல்ல கருவி. ஆனால் இதைக் காட்டி, செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் மூன்று வருடப் பயணத்துக்கும் இது போதும் என்று ஒரு கூட்டத்தில் யாராவது முடிவு செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த அளவுக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு மனித உடல் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததாக எந்த அனுபவமும் நம்மிடம் இல்லை. பளு, ஓட்டம் இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் மாற்றுக் கருவி வேண்டும். பழுதானால் கலத்தில் இருப்பவர்களே கையில் இருக்கும் சாமான்களை வைத்துச் சரிசெய்யும்படி இருக்க வேண்டும். நிலையத்தில் ஒரு பாகம் உடைந்தால் அடுத்த சரக்குக் கலத்தில் வரும். செவ்வாய் வழியில் சரக்குக் கலம் கிடையாது.

இதை நினைக்கும்போதெல்லாம் 2020இல் வெளியான ஒரு சம்பவம் ஞாபகம் வரும். நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்து இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. வேறொரு ஆய்வுக்காக அல்ட்ராசவுண்ட் பார்த்தபோது தற்செயலாகத் தெரிந்தது. கைவசம் இருந்த ஊசிமருந்தை அளந்து அளந்து போட்டார்கள். அப்புறம் மாத்திரை சரக்குக் கலத்தில் மேலே போய்ச் சேர்ந்தது. அவர் நல்லபடியாகத் திரும்பினார். நிலையத்துக்கு மேலே போய்ச் சேர ஒரு சரக்குக் கலம் இருந்தது, அதனால் திரும்பினார்.

பயிற்சியால் தீராதவையும் இருக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீண்டகாலம் தங்குகிறவர்களில் பலருக்குக் கண்ணின் பின்பக்கம் தட்டையாகி, பார்வை நரம்பு வீங்கி, கிட்டத்தில் இருப்பது மங்கலாகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு எடையின்மைக்குப் பழகிவிட்டு, இறங்கியதும் தலையைத் திருப்பினாலே குமட்டுகிறது. கதிர்வீச்சு தனிக் கதை, அது என் துறை இல்லை. ஆனால் சுழற்றி உண்டாக்கும் செயற்கை ஈர்ப்பைப் பற்றி ஒன்று சொல்வேன். 2019இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் எடையின்மையில் உடலுக்கு ஆவதைப் பூமியிலேயே பார்ப்பதற்காக 24 பேரைத் தலை 6 பாகை கீழே சாய்ந்த கட்டிலில் 60 நாள் படுக்க வைத்து, ஒரு பகுதியினரைத் தினமும் 30 நிமிடம் சுழலும் மேடையில் சுற்றவைத்துப் பார்த்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பணத்தைக் குறைக்காதீர்கள். கலத்தையே சுழற்றுவது செலவு பிடித்த வேலை என்று எனக்கும் புரிகிறது. ஆனால் அதைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுவது வேறு.

இன்னொரு விஷயம், கருவி ஆளுக்கு ஏற்றதாக இருப்பது. டிரெட்மில்லில் ஓடுகிறவரைத் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டிக் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். முழு எடைக்கு இழுத்தால் தோள் தாங்காது, அதனால் குறைத்து வைத்து ஓடுகிறார்கள். குறைத்தால் எலும்புக்குப் போகும் செய்தியும் குறையும். அதாவது ஒரு பட்டை உறுத்துவதால் ஒரு எலும்பு மெலிகிறது. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து செய்ய இருந்த விண்நடை, இருவருக்கும் பொருந்தும் அளவில் உடையின் மேற்பகுதி தயாராக இல்லாததால் அப்படி நடக்காமல் போனது. பட்டையில் அந்தத் தவறு வேண்டாம். யார் போகிறார்களோ அவர்கள் உடம்பில் அளந்து தைத்து, மாதக்கணக்கில் ஓட வைத்து, புண் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம் மனம். வீட்டில் செய்யச் சொல்லி நான் எழுதிக்கொடுக்கும் பயிற்சிகளைப் பல நோயாளிகள் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சுவர், ஒரே அசைவு, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது. நிறுத்தாமல் செய்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன்: யாரோ ஒருவர் கூட இருப்பார், அல்லது எதிரே ஒரு சன்னல் இருக்கும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை நிலையத்தின் டிரெட்மில்லில் நான்கரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். கீழே ஆயிரக்கணக்கானோர் ஓடிக்கொண்டிருந்த அதே நாளில் மேலே அவரும் ஓடினார். சேர்ந்து ஓடுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும்! செவ்வாய் வழியில் நடுப்பகுதியில், பூமியும் ஒரு புள்ளி, செவ்வாயும் ஒரு புள்ளி என்று இருக்கும் மாதங்களில், டிரெட்மில் எதிரே என்ன இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? இரண்டு பேர் பேசிக்கொண்டே பயிற்சி செய்யும்படி கருவிகளை எதிரெதிரே வையுங்கள். கூடுதல் எடை ஒரு கிராம்கூட வராது.

திரும்பி வந்தபின் என்ன என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். நாசாவில் நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 45 நாள் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில் 17 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடம் ஆகியும் ஒன்பது பேருக்குக் கீழ்க்கால் எலும்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் மீட்சி மெதுவாக இருந்தது. மூன்று வருடம் போய் வருகிறவருக்கு 45 நாள் எப்படிப் போதும்? அவர் எழுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும்போது ஒடிகிற இடுப்பும் உங்கள் பயணத்தின் கணக்கில்தான் வரும். அவரை ஆயுள் முழுக்கக் கவனிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கலத்தின் வடிவத்தை முடிவு செய்து கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறுபது நாள் சாய்ந்த கட்டிலில் படுத்திருந்த ஒருவரை, உங்கள் கலத்தில் வைக்கப்போகும் கருவிகளில் மட்டும் படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்து, அறுபத்தோராவது நாள் நேராக மாதிரிக் கலத்தின் இருக்கையில் உட்கார வையுங்கள். உடையின் எடையைச் செவ்வாய்க் கணக்குக்குக் குறைத்து மாட்டிவிடுங்கள். பக்கத்தில் மருத்துவர் இருக்கட்டும், ஆபத்து என்றால் ஒழிய யாரும் தொடக் கூடாது. பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, கதவைத் திறந்து, ஏணியில் இறங்கச் சொல்லுங்கள்.

அவர் முழங்கால் மடங்கினால் வரைபடத்தைத் திரும்ப எடுங்கள். அந்த நாளில் என்னைக் கூப்பிட்டால் ஏணியின் அடியில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்